எட்டுக் கிலோ மூட்டை, ஒரு ராத்திரி: கொங்கு நாட்டில் முதல் பைக்பேக்கிங்

சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு விடியக்காலையில் கிளம்பி, ஒரு ராத்திரி வேறு ஊரில் தங்கி, மறுநாள் மதியத்துக்குள் வீடு வந்து சேர்வது. பைக்பேக்கிங்கின் மிகச் சின்ன வடிவம் இது. முதல்முறை போகிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விலை உயர்ந்த சைக்கிளும் வேண்டாம், விலை உயர்ந்த பையும் வேண்டாம்.

குளிர் நாட்டுக்காரர்கள் போட்ட சாமான் பட்டியல் நமக்குப் பொருந்தாது. அதில் தூக்கப் பையும் அடுப்பும் கம்பளிச் சட்டையும் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். ஈரோட்டுப் பக்கமோ காங்கேயத்துப் பக்கமோ குளிரில் யாருடைய பயணமும் கெடுவதில்லை. தண்ணீர் தீர்ந்து கெடும், முள் ஏறிக் கெடும், படுக்க இடம் பார்த்து வைக்காமல் இருட்டிக் கெடும். ஆகவே தண்ணீருக்கும் டியூபுக்கும் முதலில் இடம் ஒதுக்குங்கள். மிச்சமிருக்கிற இடத்துக்குள்தான் மற்றதெல்லாம் அடங்க வேண்டும்.

மாதமும் காற்றும்

மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் நல்ல காலம். வெயில் இதமாக இருக்கும், காற்று சாதுவாக இருக்கும், மழை முடிந்திருக்கும். பங்குனி பாதியிலிருந்து வெயில் ஏறும். சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தொடும். முதல் பயணத்துக்கு அந்த மாதமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நனைந்தால் ஒன்றும் ஆகாது என்றாலும் கரிசல் மண் பாதையில் இறங்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவில் சேறு அப்பிச் சக்கரமே சுற்றாது.

ஆனி, ஆடி, ஆவணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் கொங்குச் சமவெளிக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மூட்டை கட்டிய சைக்கிள் எம்மாத்திரம். சமதரையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் எதிர்காற்றில் 10 போனாலே பெரிது.

அதற்கு ஒரு வழி உண்டு. அந்த மாதங்களில் போயே தீர வேண்டும் என்றால் முதல் நாள் மேற்கு நோக்கிப் போங்கள், இரண்டாம் நாள் கிழக்கு நோக்கித் திரும்புங்கள். விடியற்காலையில் மேற்குக் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறத்தான் பலம் பிடிக்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எதிர்காற்று முற்றுவதற்குள் பாதிக்கு மேல் கடந்துவிடலாம். களைத்துத் திரும்பும் இரண்டாம் நாள் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் இரண்டாம் நாள் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காங்கேயம், தாராபுரம் சாலைகளில் பக்கக் காற்றையும் கவனியுங்கள். சைக்கிள் சட்டத்தின் முக்கோணத்தை முழுசாக அடைக்கும் பை ஒரு பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். லாரி ஒன்று கடக்கும்போது காற்று சட்டென்று அறுந்து, கடந்ததும் மறுபடி அறையும். அந்த நொடியில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும்.

எந்த ஊர், எவ்வளவு தூரம்

முதல் நாளுக்கு 35 முதல் 50 கிலோமீட்டர் போதும். சுமையோடு சமவெளியில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டலாம். டீ, தண்ணீர், படம் எடுப்பது எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் 12தான் வரும். 36 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டரை, ஒன்பதுக்குள் ஊர் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடலாம்.

உதாரணத்துக்கு ஈரோட்டிலிருந்து கோபிசெட்டிபாளையம். சித்தோடு, கவுந்தப்பாடி வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சின்னச் சின்ன மேடு பள்ளம் உண்டு. மலை ஏற்றம் கிடையாது. சித்தோட்டில் சேலம்–கோவை தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அங்கே அவசரப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கே இங்கிருந்துதான் சர்க்கரை கொள்முதல் செய்கிறார்கள். அரைக் கிலோ வாங்கத் தோன்றும். திரும்பி வரும்போது வாங்குங்கள், முதல் நாள் சுமையை ஏற்றாதீர்கள்.

கோபியில் ரூம் எடுத்து, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வெறும் சைக்கிளில் கொடிவேரி அணைக்குப் போய் வரலாம். சத்தியமங்கலம் சாலையில் 15 கிலோமீட்டருக்குள்தான். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகிற இடம் அது. சுற்றுவட்டாரம் முழுக்க நெல் வயலும் தென்னந்தோப்பும். பவானி ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்க விட மாட்டார்கள், சாயங்காலம் வாசலையும் அடைத்துவிடுவார்கள். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரர்களுக்குப் பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். கரூர்க்காரர்களுக்குக் கொடுமுடி, இந்த வழியில் ரயில் பாதையும் கூடவே வருவதால் ஏதாவது ஆனால் ஆள் மட்டுமாவது வீடு சேர வழி இருக்கிறது. முதல் பயணத்தில் காட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பண்ணாரிக்கு மேல் திம்பம், ஆழியாறுக்கு மேல் வால்பாறை, ஆனைகட்டி எல்லாம் யானை நடமாடும் சாலைகள். பண்ணாரி–திம்பம் சாலையில் ராத்திரிப் போக்குவரத்துக்கே தடை இருக்கிறது. வனத்துறை நிலத்தில் கூடாரம் அடிப்பது குற்றம். ஆபத்தும் கூட.

சைக்கிள்

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எந்தச் சைக்கிளும் போதும். தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் என்றால் நல்லது, மலை சைக்கிள் என்றாலும் சரி. 70 கிலோ எடையுள்ள ஆள், 8 கிலோ சுமை, 40 மில்லிமீட்டர் டயர் என்றால் காற்றழுத்தம் முன்சக்கரத்தில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ., பின்சக்கரத்தில் 45 முதல் 50 வையுங்கள். கல் மாதிரி ஏற்றினால் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் முதுகும் பையின் வாரும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். குறைவாக ஏற்றினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு துளை விழும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பிரேக் கட்டையைப் பார்த்துவிடுங்கள். சுமையோடு நிற்கிற தூரம் கூடும். கேரியர் இருந்தால் அதன் போல்ட் நான்கையும் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போட்டு முறுக்குங்கள். அதிர்வில் முதலில் கழன்று விழுவது இவைதான். ஒரு உதிரி போல்ட்டைச் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தால் தேட வேண்டியதில்லை.

மூட்டை

பைக்பேக்கிங் பை மூன்று வகை: சீட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது, சட்டத்தின் நடுவில் தொங்குவது, ஹேண்டில்பாரில் கட்டுவது. மூன்றும் இல்லாவிட்டால் சாதாரணக் கேரியரும், அதில் கட்ட வாய் சுருட்டும் நீர்ப்புகாப் பை ஒன்றும் போதும். கட்டுவதற்கு விலை கொடுத்து வார் வாங்க வேண்டாம். பஞ்சர் கடையில் பழைய பைக் டியூப் கேளுங்கள். ஒன்றரை அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டினால் நாலு பட்டை கிடைக்கும். நைலான் கயிறு ஓட்டத்தில் தளரும், டியூப் பட்டை இழுத்துப் பிடிக்கும். முடிச்சுப் போட்டு மிஞ்சுகிற நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தொங்குகிற நுனி ஆரக்கம்பியில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆள் தலைகுப்புற விழுவார். இது ஒன்றை மட்டும் ஒவ்வொரு முறை நிறுத்தி எடுக்கும்போதும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

முதுகில் பை மாட்டாதீர்கள். முதல் பத்துக் கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. அப்புறம் முதுகு முழுக்க வேர்வை, தோள்பட்டையில் வலி, உட்காருமிடத்தில் கூடுதல் பாரம்.

எடைக் கணக்கு இப்படி வைக்கலாம். பைகளும் சாமானும் சேர்ந்து 5 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், ஆக 8 கிலோ. கனமானது நடுவிலும் கீழேயும் இருக்க வேண்டும். கருவிகள், டியூப், பவர் பேங்க், பூட்டு எல்லாம் சட்டப் பைக்கு. சீட்டுப் பைக்குத் துணியும் போர்வையும். மூன்று கிலோவைத் தாண்டினால் அது நாய் வால் மாதிரி ஆடத் தொடங்கும். சீட்டைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பை தனியாக ஆடினால் உள்ளே காலி இடம் இருக்கிறது என்று அர்த்தம். துணியை இன்னும் இறுக்கித் திணித்து வாரை இழுங்கள். ஹேண்டில்பாரில் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். அங்கே கட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிரேக் கேபிள் மடங்கினாலோ, பை சக்கரத்துக்கு நாலு விரல் இடைவெளிக்குள் தொங்கினாலோ அவிழ்த்துக் கட்டுங்கள்.

மழைக்கு எந்தப் பையையும் நம்பாதீர்கள். சாமானைத் தடித்த பாலித்தீன் உறைக்குள் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும். ராத்திரிப் போடும் துணிக்குத் தனி உறை.

துணி இரண்டே செட். ஓட்டும்போது போட்டிருப்பது ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று கட்டாயம். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசித்தான் தொடை புண்ணாகும். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். சாயங்காலமே துவைத்துக் காயப் போட்டால் விடியலுக்குள் காய்ந்துவிடும். ராத்திரிக்கு லுங்கியோ நைட்டியோ, எது பழக்கமோ அது. ஓர் ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். துவட்ட, ஹெல்மெட்டுக்குள் வேர்வைக்குக் கட்ட, பிடரியில் வெயில் படாமல் தொங்கவிட, டியூப் மாற்றும்போது தரையில் விரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பெரிய டர்க்கி டவல் ஈரமானால் ஒரு கிலோ, அது வேண்டாம்.

போர்வைக்கு இந்தப் பக்கத்தவர்கள் தேடி அலைய வேண்டியதே இல்லை. மார்கழியில்கூடச் சமவெளியில் ராத்திரி 18, 20 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. சென்னிமலைப் பருத்திப் போர்வை ஒன்று போதும்; சுருட்டினால் கைமுழ அளவுதான். பவானி ஜமக்காளம் படுக்க எவ்வளவு சுகமோ அவ்வளவு கனம். அது வீட்டிலேயே இருக்கட்டும்.

மிச்சம்: ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை, இல்லாவிட்டால் ரூம் கிடைப்பது கஷ்டம். சில்லறையாக ஓர் ஆயிரம் ரூபாய்; தோட்டத்துப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், சார்ஜர். ஓ.ஆர்.எஸ். நாலு பாக்கெட், காயத்துக்குப் பேண்ட்எய்டும் அயோடின் களிம்பும், சுருள் கட்டுத்துணி ஒன்று, பாராசிட்டமால், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை. கொசுவர்த்திச் சுருள் பையில் உடையும், கொசு விரட்டும் களிம்பாக வாங்குங்கள். பெண்கள் நாப்கின் இரண்டு கூடுதலாக வைப்பது நல்லது; முதல் நீண்ட ஓட்டத்தில் நாள் கணக்கு தப்புவது உண்டு.

முள்

கொங்கு நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதல் எதிரி முள்தான். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும், உள்ளே வெள்ளவேலா மரங்கள் நிற்கும். வேலி கழிக்கும் நாட்களில் வெட்டிய கிளைகள் பாதையோரத்தில் சிதறிக் கிடக்கும். சீமைக்கருவேலம் எங்கும் இருக்கிறது. ஆனால் அதிகமாகக் குத்துவது இவை எதுவும் இல்லை. தரையோடு தரையாய்ப் படர்ந்து மஞ்சள் பூ பூக்கிற நெருஞ்சிதான். அதன் காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் கூரிய முட்கள் உண்டு; எப்படி விழுந்தாலும் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது மண் ஓரத்தில் இறங்காமல் தார் விளிம்பிலேயே நில்லுங்கள். மர நிழலில் சைக்கிளைச் சாய்க்கும் முன் தரையைப் பாருங்கள். பஞ்சர் பாதி அங்கேதான் நடக்கிறது.

டியூப் இரண்டு, ஒட்டுகிற சாமான், டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ உள்ள மடக்குக் கருவி, செயின் கழற்றி, உங்கள் கியருக்குப் பொருந்தும் செயின் லிங்க் ஒன்று, பிளாஸ்டிக் டை ஆறு, புருவம் எடுக்கும் சின்ன இடுக்கி. மெல்லிய காம்பு மாதிரி இருக்கும் பிரெஸ்டா வால்வு டியூப் என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம். சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் உங்கள் வால்வைப் பிடிக்காது.

கிராமத்துச் சைக்கிள் கடையில் டியூப் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே இருப்பது பழைய கறுப்புச் சைக்கிளுக்கான 28க்கு ஒன்றரை அங்குல டியூப். மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வுக்கான பெரிய துளையுள்ள 700சி அளவு ரிம்மில் அவசரத்துக்கு அதைத் திணித்து ஓட்டிவிடலாம். பிரெஸ்டா துளை உள்ள ரிம்மில் அதன் தடித்த வால்வு நுழையவே நுழையாது.

பஞ்சர் ஆனால் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் துண்டை விரியுங்கள். சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவும் முன் டயரில் வால்வு இருந்த இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். டியூபில் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் சுற்றினால் துளை எங்கே என்று தெரியும். அடையாளத்திலிருந்து அதே தூரத்தில் டயரில் தேடினால் முள் அங்கே இருக்கும். டயரின் உட்பக்கத்தை வெறும் விரலால் தடவாதீர்கள். துண்டின் ஓரத்தைச் சுருட்டித் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். நெருஞ்சியின் நுனி மட்டும் உடைந்து ரப்பருக்குள் தங்கியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. டயரை அந்த இடத்தில் மடித்தால் கறுப்புப் புள்ளி ஒன்று எட்டிப் பார்க்கும். இடுக்கியால் எடுக்க வேண்டியது அதைத்தான். புது டியூப் போட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குகிறது என்றால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

வழியில் டியூபை மாற்றுங்கள், ஒட்டுவதை ரூமில் வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டை விடச் சற்றுப் பெரிய வட்டமாகத் தடவி, ஐந்து நிமிடம் காய விடுங்கள். பளபளப்புப் போன பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் கையில் நிற்கும், வெயிலில் சூடேறினதும் நழுவிவிடும்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் என்று கணக்கு வையுங்கள். சட்டத்தில் முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, பையில் ஒன்றரை லிட்டர் ஒன்று. தாகம் எடுத்தபின் மொத்தமாகக் குடிக்காமல் கால் மணிக்கு ஒரு முறை நாலு மடக்கு. வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். இரண்டாவது மணியிலிருந்து ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். பெரிய பாக்கெட் ஒன்றை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாட்டில் சிறியது என்று அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடி வயிற்றைப் புரட்டும்.

எங்கே நிரப்புவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஓட்டல், கோயில், ஆர்.ஓ. தண்ணீர்க் கடை போதும். நொய்யல் ஆற்றிலோ அதன் கரையோரக் கிணறுகளிலோ, பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நிரப்பாதீர்கள். சாயக்கழிவு பல வருஷம் இறங்கிய நிலம் அது. கையில் கொண்டுபோகும் வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், கரைந்திருக்கும் உப்பையும் ரசாயனத்தையும் பிடிக்காது.

அடுப்பு வேண்டாம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கிற நாட்டில் அடுப்பு வீண் சுமை. கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம். மணிக்கொரு முறை கடலை மிட்டாய், பேரீச்சை, இன்னொரு பழம். ஊர் சேர்ந்ததும் இட்லி. மதியம் மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம் கிடைத்தால் அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. பசி அடங்கும், வயிறு கனக்காது. மாசிக்குமேல் வழியில் கம்மங்கூழ் வண்டிகள் நிற்கும். புரோட்டாவும் சால்னாவும் முதல் நாள் ராத்திரி சாப்பிட்டால் மறுநாள் காலையில் ஓட்டும்போது தெரியும்.

எங்கே படுப்பது

முதல் தடவை ரூம் எடுங்கள். கூடாரம் அடுத்த தடவைக்கு. ஓட்டுவதையும் மூட்டையையும் சோதிக்கும் ராத்திரியில் தூக்கத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்பே போன் செய்து, தரைத்தள ரூம், சைக்கிளை ரூமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் உறுதி செய்யுங்கள். அதற்கும் முன்னால் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்தத்தன்று சின்ன ஊர்களில் ரூம் எல்லாம் கல்யாண வீட்டாருக்குப் போய்விடும். ஆடிப்பெருக்கன்று பவானியும் கொடுமுடியும், தைப்பூசத்தை ஒட்டிப் பழனி வழியும், குண்டம் எனும் தீமிதித் திருவிழா நாட்களில் பாரியூர், பண்ணாரி சாலைகளும் நிரம்பி வழியும்.

தோட்டத்தில்தான் படுக்க ஆசை என்றால் தெரிந்தவர் சாளையாக, அதாவது தோட்டத்து வீடாக இருக்கட்டும். தெரியாத இடமானால் வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்து மணிக்குள் போய்க் கேளுங்கள். வாசலுக்கு வெளியே இறங்கி நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் தெரியக் கேட்க வேண்டும். "ஏனுங்கண்ணா, ஈரோட்டுல இருந்து சைக்கிள்ல வர்றோமுங்க. ராத்திரிக்கு மட்டும் உங்க களத்துல படுத்துக்கலாமுங்களா? விடியறப்பவே கிளம்பிருவோமுங்க." எந்த ஊர், யார் மகன் என்று கேட்பார்கள். நிதானமாகப் பதில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

படுக்கக் களம்தான் நல்லது. சிமென்ட் தரையில் முளை இறங்காது, தானாக நிற்கும் கூடாரமாக இருக்க வேண்டும். தென்னை மரத்தடி ஒருபோதும் கூடாது; நெற்றும் மட்டையும் காற்றே இல்லாமலும் விழும். வாய்க்கால் கரையும் ஆற்று மணலும் கூடாது. அணையில் திறந்துவிட்டால் சொல்லிக்கொண்டு வராது. தோட்டத்துக்கு எந்நேரம் தண்ணீர் பாயும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் மோட்டார் ஓடும், நீங்கள் படுத்த பாத்தியில் தண்ணீர் நிற்கும். வெறும் தரையில் பாயை விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் திரியும், தூங்குகிறவரைக் கடித்தாலும் வலி அதிகம் தெரியாது. கூடாரத்தின் ஜிப்பை முழுசாக மூடுங்கள், காலணியை உள்ளே வையுங்கள், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாலையில்

நாய் துரத்தினால் வேகம் பிடிக்கத் தோன்றும். சுமையோடு அதை ஜெயிக்க முடியாது. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மெதுவாக நடங்கள். ஓடுகிற கால்தான் அதற்கு இலக்கு. கால் நின்றதும் பெரும்பாலும் குரைப்பும் அடங்கும். கீறல் பட்டாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும்.

விடியற்காலையில் மயில்கள் வேலியிலிருந்து திடீரென்று சாலைக்குக் குறுக்கே பாயும். ஒன்று கடந்தால் பின்னாலேயே இரண்டு வரும் என்று வைத்து வேகத்தைக் குறையுங்கள். பதினொன்று முதல் மூன்று வரை வெயிலில் ஓட்டாதீர்கள். வாய்க்கால் நிரம்பி ஓடும்போது குளிக்க இறங்காதீர்கள். கரை வழுக்கும், இழுப்பு மேலே தெரியாது, பிடித்து ஏற எதுவும் இருக்காது. ஆறு மணிக்கு மேல் சாலையில் இருக்காதபடி நேரத்தைப் போடுங்கள்.

செயின் அறுந்து, கியர் வளைந்து, ஓட்டவே முடியாது என்றால் அருகிலுள்ள ஊர் வரை தள்ளிப் போய்க் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைப் பிடியுங்கள். வீட்டில் ஒருவருக்குப் போகும் வழியும் சேரும் நேரமும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, முழு மூட்டையும் கட்டி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அதில் ஐந்து கிலோமீட்டராவது மண் பாதையாக இருக்கட்டும். எந்த வார் தளர்கிறது, எந்தப் பை முட்டியில் இடிக்கிறது, எந்தச் சாமான் டக் டக்கென்று அடிக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பை உரசுகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே பயணத்தில் பெயின்ட் போய்விடும். வீட்டு வாசலில் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். முதல் முறைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் வெயிலில் ரோட்டோரத்தில் ஆக வேண்டாம்.

திரும்பி வந்த அன்றே, குளிப்பதற்கு முன்னால், பையை மொத்தமாகத் தரையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். பயன்பட்டது, பயன்படாதது, இல்லாமல் தவித்தது. கருவியும் மருந்தும் பயன்படாத குவியலில் இருந்தால் நல்லதே. அவை மறுபடி பைக்குள் போகும். மற்றதை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பைக்குள்ளேயே வையுங்கள். ஒட்ட வேண்டிய டியூபை அன்றைக்கே ஒட்டி, சக்கரம் இரண்டையும் மெதுவாகச் சுற்றி, டயரில் தங்கியிருக்கும் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.